புண் ஆறும் வரை

டேட்டன், ஒஹையோ
ஜனவரி 14

அன்புள்ள லானி அண்ணாவுக்கு,

இங்கே நான், மார்கஸ், ஓப்பல் மூவரும் சுகம். அங்கே உன் சுகத்துக்குப் பதில் எழுது. ஒரு வரி போதும்.

நீ ஜெயிலிலிருந்து பேசிய நேரத்தில் பாதி ஓப்பல் அழுததிலேயே போய்விட்டது. அவள் அழுகைக்கும் சேர்த்து அந்த டெலிபோன் கம்பெனிக்காரன் காசு வாங்கிக்கொண்டான். இனி கடிதமே போடலாம் என்று நீ சொன்னது சரிதான். கல்லூரியை விட்டு வந்த பிறகு கையால் ஒரு பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. விரல் வலிக்கிறது.

உன் சிநேகிதன் டஸ்டி உன் வண்டியில் தாமிரக் கம்பியை ஏற்றியபோது அது யாருடையது என்று நீ கேட்டிருக்கலாம். சரி, அதை விடுகிறேன். ஜாமீன் தொகையை மார்கஸும் நானும் பல வழிகளில் புரட்டிப் பார்த்தோம், எட்டவில்லை. வழக்கு வசந்த காலத்தில் வரும் என்கிறார்கள். இலவச வக்கீல் உன்னை வந்து பார்த்தாரா?

என் கவலை வேறு. சர்க்கரைக்கு ஊசி வேளைக்குப் போடுகிறார்களா? சாப்பாடு என்ன? உன் அகலமான ஷூவைப் போட விட்டார்களா? கைது செய்த அன்று அதைத்தான் போட்டிருந்தாய் என்று பக்கத்து வீட்டு டாரில் சொன்னார். உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன்.

ஓப்பலின் பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஐந்து மாதக் குழந்தையின் கால். இரண்டாவது விரல் பெருவிரலைவிட நீளம். உன்னையும் அப்பாவையும் போலத்தான்.

உன் தங்கை
கெய்லின்

*

கோல்பர்ன் கவுண்டி ஜெயில், கென்டக்கி
ஜனவரி 30

மேதகு பட்டதாரி தங்கச்சிக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமா?

ஓப்பலின் காலைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இங்கே பசை கிடையாது, பல்பசைதான் பசை. காய்ந்தால் சிமெண்டு மாதிரி பிடிக்கும். என் அறைக்காரர் ஹோமர், வயது அறுபதுக்கு மேல், குடித்துவிட்டு டிராக்டரை ஊருக்குள் ஓட்டிய கேஸ். அதைப் பார்த்துவிட்டு, "என்னடா லானி, இவ்ளோ சின்னக் காலு, திருட்டுக் கேஸா?" என்றார். "இல்ல, மாமனை மிதிச்ச கேஸ்" என்றேன்.

ஊசி போடுகிறார்கள். காலையில் மறந்தால் மத்தியானம் ஞாபகம் வந்துவிடும். சாப்பாடு வெள்ளை ரொட்டிக்கு நடுவில் ஒரு துண்டு பொலோனி இறைச்சி. ராத்திரியும் அதே ரொட்டி, அதே பொலோனி, ஆனால் பேர் மட்டும் சப்பர்.

ஷூ என் பெல்ட்டோடு ஒரு பையில் பத்திரமாக இருக்கிறது. உள்ளே எல்லோருக்கும் ரப்பர் செருப்புத்தான். என் அளவு பன்னிரண்டு என்றேன். "பத்துதான் இருக்கு. நீ எங்க ஓடப் போற?" என்றார் சாமான் கொடுக்கிறவர். நியாயமான கேள்வி.

வக்கீல் இன்னும் வரவில்லை. பணம் போடாதே. நூடுல்ஸ் வாங்கித் தின்றால் சர்க்கரைதான் ஏறும். குழந்தைக்கு டயபர் வாங்கு.

உன் அண்ணன்
லானி

*

டேட்டன்
பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். ஓப்பலுக்குக் கீழே ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தில் அளவு பத்துச் செருப்பு என்ற இடத்தை நான் சிரித்துக்கொண்டே படித்தேன். பிறகு பாத்திரம் கழுவும்போது கை நின்றுவிட்டது. அப்பாவுக்கும் சுரங்கத்துப் பூட்ஸ் கடித்த ஒரு கொப்புளத்தில்தான் தொடங்கியது. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால். அந்த வரிசை நம் இருவருக்கும் மனப்பாடம்.

அதனால் ஜெயிலுக்கே போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"என் அண்ணனுக்குச் சர்க்கரை. அவரோட ஷூவை அவர்கிட்ட குடுக்கணும்" என்றேன்.

"டாக்டர் லெட்டர் இருக்காம்மா?"

"டாக்டரை எப்படிப் பாக்கறது?"

"நர்ஸ் சொன்னா பாப்பார்."

"நர்ஸை?"

"உங்க அண்ணனே சீட்டு எழுதிப் போடணும். ஒரு சீட்டுக்கு இருபது டாலர், அவர் கணக்குலேந்து எடுத்துக்குவோம்."

"கணக்குல இல்லேன்னா?"

"அடுத்த தடவ நீங்க போடுவீங்கல்ல, அதுலேந்து எடுத்துக்குவோம்."

இதைச் சொல்லும்போதே கொட்டாவி விட்டாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. நாள் முழுவதும் என் மாதிரித் தங்கைகள்தானே கூப்பிடுகிறார்கள்.

நான் போட்ட பணம் அதற்குத்தான். தயவுசெய்து சீட்டு எழுதிப் போடு. நர்ஸிடம் காட்டாவிட்டால் எனக்காவது காட்டு. தாளில் காலை வைத்துக் கோடு போட்டு அனுப்பு. வீங்கியிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். இரண்டு காலும் வேண்டும்.

கெய்லி

*

கோல்பர்ன் கவுண்டி ஜெயில்
மார்ச் 21

கெய்லிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

எனக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்துவிட்டது, ஹோமர் விட்டுக்கொடுத்தார். மேலே ஏறி முனகுகிறார். "கெழவனை ஏணி ஏற வெச்ச பாவம் உன்ன சும்மா விடாதுடா" என்கிறார். ஆனாலும் என் தட்டையும் அவரே கொண்டுவந்து தருகிறார். நல்ல மனிதர். குறட்டைதான் ரயில்.

வக்கீல் வந்தார். வழக்கு ஜூனில் என்கிறார். நல்ல பையன், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

ஓப்பலுக்கு இரண்டாவது பல் வந்ததா?

லானி

*

டேட்டன்
மார்ச் 26

அண்ணா,

சுகம் விசாரித்து எழுத இப்போது மனமில்லை. நேராகக் கேட்கிறேன். ஹோமர் ஏன் உன் தட்டைக் கொண்டுவர வேண்டும்? உனக்கு ஏன் கீழ்ப் படுக்கை? நான் கேட்ட கால் படம் எங்கே?

கணக்கில் நான் போட்ட பணம் என்ன ஆயிற்று என்று கணினியில் பார்த்தேன். கவர், ஸ்டாம்பு, தாள். வேறு எதுவும் நீ வாங்கவில்லை. நர்ஸுக்கு ஒரு சீட்டுகூடப் போடவில்லை. எனக்குக் கடிதம் எழுதுவதற்காகக் காலைக் காட்டாமல் இருக்கிறாயா? அப்படியானால் எனக்குக் கடிதமே வேண்டாம்.

ஜெயிலருக்கு இன்றே எழுதுகிறேன். நம் ஊரில் ஜெயிலரும் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்தானே, ஓட்டுக் கேட்டு நம் வீட்டு வாசலுக்கு வந்தவர். அப்பாவோடு பந்து விளையாடியவர். அந்த ஞாபகமாவது இருக்கிறதா பார்ப்போம்.

கெய்லி

*

கோல்பர்ன் கவுண்டி ஜெயிலர் அலுவலகம்
ஏப்ரல் 7

மதிப்பிற்குரிய திருமதி கெய்லின் அவர்களுக்கு,

தங்கள் குடும்பத்தார் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் தகப்பனாரை எப்படி மறப்பேன்? பள்ளி அணியில் அவர் எனக்கு இடப்பக்கம் நின்றவர்.

தங்கள் அண்ணனின் இடது காலில் இருந்த புண் சீழ் பிடித்துக் காய்ச்சலும் கண்டதால் மூன்றாம் தேதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய அறையில் இருக்கும் பெரியவர்தான் கதவைத் தட்டிக் கலாட்டா செய்து எங்களைக் கூப்பிட்டார்.

ஒரு நல்ல செய்தி. நானே நீதிபதியிடம் பேசி, ஜாமீன் பணம் எதுவும் இல்லாமல், அவருடைய சொந்தக் கையெழுத்தின் பேரில் அவரை விடுவித்துவிட்டேன். ஆம்புலன்ஸ் எங்கள் கேட்டைத் தாண்டும் முன்பே அவர் சுதந்திர மனிதர். கையில் விலங்கு இல்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் காவல் இல்லை. புண் ஆறிவிட்டதாக டாக்டர் எழுதிக் கொடுத்தபின் அவர் என்னிடம் திரும்ப வேண்டும் என்று உத்தரவில் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

என் நிலையையும் தாங்கள் அறிவீர்கள். சென்ற ஆண்டு ஒரு கைதியின் இதய ஆபரேஷனுக்குக் கவுண்டி கஜானா கட்டிய பணத்தில் இரண்டு சாலைக்குத் தார் போட்டிருக்கலாமே என்று கவுண்டி சபையில் என்னை நிற்க வைத்துக் கேட்டார்கள். நவம்பரில் தேர்தல். தங்கள் தகப்பனாருக்காக என்னால் முடிந்ததைச் செய்தேன் என்ற நிறைவு எனக்கு இருக்கிறது.

தங்கள்
டெல்பர்ட் ராட்லிஃப்

*

டேட்டன்
ஏப்ரல் 11

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் நலம். தங்கள் நலத்தை இனி தினமும் வேண்டிக்கொள்வேன்.

தங்கள் கடிதத்தைப் படித்து நான் சமையலறையில் நின்று சத்தமாக அழுதேன். மார்கஸ் பயந்துவிட்டார். இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள்? விலங்கு இல்லாமல், காவல் இல்லாமல்! ஓப்பலுக்குக் காதில் சீழ், காய்ச்சல். அதனால் நான் உடனே கிளம்பி வர முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஆபரேஷன் முடிந்தது என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

என் கையால் செய்த பீச் ஜாம் இரண்டு பாட்டில் தனியாக அனுப்புகிறேன். நன்றி சொல்ல வேறு வழி தெரியவில்லை.

என்றும் நன்றியுள்ள
கெய்லின்

*

ஓடைக்கரை வீடு, கோல்பர்ன் கவுண்டி
மே 4

கெய்லிக்கு,

நலம். ஓப்பலின் காது சரியாகிவிட்டதா?

வீட்டில் இருக்கிறேன். டாரில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தார். நாயும் அவரிடம்தான் இருந்தது, என்னை விட்டுவிட்டு என் கால் பேண்டேஜை மோந்து பார்க்கிறது. இரண்டு விரல் போய்விட்டது. சின்னது, அதற்குப் பக்கத்தது. நீ அழக்கூடாது. ஓப்பலுக்கும் எனக்கும் பொதுவாக இருக்கிற நீள விரல் பத்திரம்.

ஜெயில் கேட்டுக்கு உள்ளேயே ஆம்புலன்ஸில் என்னைப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தாமல் நின்றார்கள். ஒரு போலீஸ்காரர் பேனாவோடு ஏறினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு லானி. நீ இப்ப ஃப்ரீ."

"அப்ப இறங்கி வீட்டுக்குப் போலாமா?"

"இறங்க முடிஞ்சா போ" என்றார். டிரைவர்கூடச் சிரித்தார். காய்ச்சலில் எனக்கும் சிரிப்பு வந்தது. கோணலாக ஏதோ கிறுக்கினேன்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் ஒரு அம்மா வந்து கேட்டாள். "பணம் யார் கட்டறது சார்?"

"கவுண்டி. நான் ஜெயில் ஆளு."

அவள் கணினியைப் பார்த்தாள். "நீங்க கைதியே இல்லையே சார். இங்க வர்றதுக்கு முன்னாடியே விட்டுட்டாங்களே."

அப்போதுதான் எனக்கு ஆம்புலன்ஸ் ஏன் கேட்டுக்கு உள்ளேயே நின்றது என்று புரிந்தது. கைதி இல்லையென்றால் பில் கவுண்டிக்கு இல்லை, எனக்கு. ஜெயிலர் டெல்பர்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் பக்கமும் ஒரு கணக்கு இருக்கும்.

செவ்வாய்தோறும் நர்ஸ் ஒருத்தி வந்து கட்டு மாற்றுகிறாள். இலவசக் கிளினிக் ஊசி மருந்து தருகிறது. ஆறியதும் திரும்பிப் போக வேண்டும். பார்க்கலாம்.

லானி

*

டேட்டன்
மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். ஓப்பல் தவழ்கிறாள், பிளக்கையெல்லாம் நோண்டுகிறாள். எனக்குத்தான் தூக்கம் இல்லை.

அவருக்கு ஜாம் அனுப்பினேன் அண்ணா. என் கையால் செய்த ஜாம். "தங்கள் நலத்தைத் தினமும் வேண்டிக்கொள்வேன்" என்று எழுதினேன். நாலு வருடம் கல்லூரியில் உட்கார்ந்து படித்தவள், ஒரு கடிதத்தில் வெளிப்படையாக எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாமல் அழுதேன். தார் ரோடு, தேர்தல் எல்லாம் அவர் மறைக்கவே இல்லை. "விலங்கு இல்லை" என்பதை மட்டும் நான் படித்தேன்.

ஒரு வாரமாகப் போன்தான். நீ உள்ளே போன அன்றே உன் அரசாங்க மருத்துவ அட்டையை நிறுத்திவிட்டார்கள், அது உள்ளே இருப்பவர்களுக்குச் செல்லாதாம். வெளியே வந்ததும் மறுபடி உயிர் கொடுக்கலாமாம், ஆனால் எந்தத் தேதியிலிருந்து? புண் வந்தபோது நீ கைதி. விரலை வெட்டியபோது கைதி இல்லை. இதை வைத்துக்கொண்டு மூன்று அலுவலகங்கள் என்னை ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு அனுப்புகின்றன. இடையில் பாட்டுப் போடுகிறார்கள். அந்தப் பாட்டுக்கு ஓப்பல் தலையாட்டப் பழகிவிட்டாள்.

பில்லைப் பற்றி நீ கவலைப்படாதே. அது என் வேலை. உன் வேலை கால். எவ்வளவு ஆறியிருக்கிறது?

கெய்லி

*

ஓடைக்கரை வீடு
ஜூன் 24

கெய்லிக்கு,

நலம். ஓடையில் தண்ணீர் நிறைய. நேற்று டாரில் ஒரு கெளுத்தி பிடித்துக் கொடுத்தார், சோளமாவில் புரட்டிப் பொரித்தேன். நீ இருந்திருந்தால் வாலை எனக்குத் தந்திருக்க மாட்டாய்.

வழக்கை அக்டோபருக்குத் தள்ளிவிட்டார்கள். புண் அப்படியேதான் இருக்கிறது. நர்ஸுக்குத்தான் ஆச்சரியம். "லானி, இது இந்நேரம் மூடியிருக்கணுமே" என்கிறாள். "எங்க குடும்பத்துக் காலே அப்படித்தான்" என்றேன். அவசரம் ஒன்றும் இல்லை. காலையில் காப்பியோடு வாசல் படியில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை.

ஜூலையில் ஓப்பலைக் கூட்டிக்கொண்டு வாயேன்.

லானி

*

டேட்டன்
ஜூலை 19

அன்புள்ள அண்ணா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். ஓப்பல் வழியெல்லாம் தூங்கினாள்.

உன் வீட்டில் வைத்துச் சொல்ல முடியாததை இங்கே வந்து எழுதுகிறேன். எதிரில் நீ இருந்தால் ஜோக் அடித்து என்னை அனுப்பிவிடுவாய்.

ஓப்பலின் பாலை வைக்க உன் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கிளினிக் கொடுத்த ஊசி மருந்துப் பெட்டிகள் அடுக்கியபடி இருந்தன. ஒன்றைத் தவிர எதையும் நீ பிரிக்கவில்லை. டாக்டர் கொடுத்த ஷூ கட்டிலுக்கு அடியில் டப்பாவிலேயே இருந்தது, உள்ளே திணித்த காகிதத்தைக்கூட எடுக்கவில்லை. வாசலில் சேறும் புல்லுமாகக் கிடந்தது அந்த ரப்பர் செருப்பு. அளவு பத்து. ஆஸ்பத்திரிக்கு அதோடுதான் போயிருப்பாய். அதைத் தூக்கி எறியாமல் போட்டுக்கொண்டு ஓடைக்குப் போகிறாய்.

ஓப்பல் தவழ்ந்து வந்து உன் முழங்காலைப் பிடித்து நிற்கப் பார்த்தாள். நீ கட்டுப்போட்ட காலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாய்.

ஆறினால் உள்ளே போக வேண்டும். எனக்குத் தெரியாதா? நீ எழுதிய "அவசரம் ஒன்றும் இல்லை" என்ற வரியைப் படித்தபோதே தெரியும். தெரிந்தும் இதுவரை கேட்காமல் இருந்தேன். ஆறாமலே இருந்தால் நீ வாசல் படியில் காப்பி குடித்துக்கொண்டிருப்பாய் என்று ஒரு நிமிடம் நானும் நினைத்தேன். அந்த நிமிடத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புண் உனக்குச் சாதகமாக நடந்துகொள்ளாது அண்ணா. அது டெல்பர்ட்டும் இல்லை, நீதிபதியும் இல்லை. அப்பாவும் அடுத்த மாதம் காட்டிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்.

கிளினிக் டாக்டரிடம் பேசிவிட்டேன். உன் ஷூவைப் போட விட வேண்டும், ஊசி வேளைக்குப் போட வேண்டும் என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். ஒன்று உனக்கு, ஒன்று வக்கீலுக்கு, ஒன்று ஜெயிலருக்கு. ஜெயிலருக்கு அனுப்பியதோடு ஜாம் வைக்கவில்லை. இன்னொரு விரல் போனால் இந்த முறை அவருக்குப் "புண்ணைச் சொல்லவில்லை" என்ற பேச்சு இருக்காது.

ஆஸ்பத்திரி பில்லில் பெரும்பகுதியை அட்டை ஏற்கும் போலிருக்கிறது. மீதியை மாதாமாதம் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். முடியும். நீ அதை நினைக்காதே.

நீ உள்ளே போனால் எனக்கு அழுகை வரும். ஆனால் நான் பார்க்க வரும்போது கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நீ நடந்து வந்து உட்கார வேண்டும். உன்னை யாரும் தள்ளிக்கொண்டு வரக்கூடாது.

பதில் எழுத வேண்டாம். ஊசியைப் போடு. செருப்பை எரி.

கெய்லி

*

கோல்பர்ன் கவுண்டி ஜெயில்
செப்டம்பர் 12

கெய்லிக்கு,

முதலில் கால். மூடிவிட்டது. தையல் போட்ட இடத்தில் பளபளவென்று புதுத் தோல். டாக்டர் போன வியாழக்கிழமை எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை டாரில் என்னைக் கொண்டுவந்து விட்டார். நாய் அவரிடம்.

டெல்பர்ட் வாசலிலேயே நின்றான். கையில் நீ அனுப்பிய டாக்டர் கடிதம்.

"வந்துட்டியா லானி. கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. அதான வந்திருக்கேன்."

என் ஷூவை அவிழ்க்கச் சொல்லவில்லை. "உன் தங்கச்சி இப்பல்லாம் வேற மாதிரி எழுதுது" என்றான்.

"ஜாம் தீந்துபோச்சாம்" என்றேன்.

ஹோமருக்கு விடுதலை ஆகிவிட்டது. படுக்கைக்கு அடியில் எனக்கு ஒரு நூடுல்ஸ் பொட்டலம் விட்டுப் போயிருக்கிறார். ஓப்பலின் கால் இன்னும் சுவரிலேயே இருந்தது, எடுக்கப் பார்த்திருக்கிறார்கள், வரவில்லை.

திங்கள்கிழமை நர்ஸுக்குச் சீட்டுப் போட்டேன். அவள் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லியே, எதுக்கு வந்தே?" என்றாள். "ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சுக்கத்தான்" என்றேன். நீ போட்ட பணத்திலிருந்து இருபது டாலர் போய்விட்டது. அதனால் அடுத்த கவர் வாங்கக் கொஞ்சம் நாளாகும். பதில் வரவில்லை என்று பயப்படாதே.

வழக்கு அக்டோபர் பதினான்கு. வக்கீலின் பித்தான் இப்போது சரியாக இருக்கிறது.

நீ, மார்கஸ், ஓப்பல் எல்லோரும் நலமா? அவள் நடக்கிறாளா?

பிப்ரவரியில் நீ கேட்டதை இத்துடன் வைத்திருக்கிறேன். அளவு பன்னிரண்டு ஒரு தாளில் அடங்கவில்லை. இரண்டு தாளைப் பல்பசை தடவி ஒட்டியிருக்கிறேன். இரண்டு காலும் இருக்கிறது. இடதில் ஓரமாகக் கோடு விரலுக்கு ஏறாமல் நேராகப் போகும். அதைப் பார்த்து அழாமல், அவள் காலை அதன்மேல் வைத்து வரைந்து அனுப்பு.

உன் அண்ணன்
லானி